கேசட்டில் விட்டுப்போன பாட்டு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்குக் கொஞ்சம் சத்தமான எபிசோட். ஹெட்ஃபோன்ல கேக்குறவங்க வால்யூம ஒரு புள்ளி குறைச்சுக்கங்க.

பங்க் ராக் பத்திப் பேசப் போறேன். ஒரே ஒரு பேண்ட், ஒரே ஒரு ஆல்பம். பேண்ட் பேரு 'தி க்ளாஷ்'. ஆல்பம், 'தி ஸ்டோரி ஆஃப் தி க்ளாஷ், வால்யூம் 1'. 1988-ல வந்த தொகுப்பு. மொத்தம் 28 பாட்டு. பேண்ட் கலைஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு ரெக்கார்ட் கம்பெனி போட்ட 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'.

தீவிர ரசிகர்கள்கிட்ட 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'னு சொல்லிப் பாருங்க, மூஞ்சியச் சுளிப்பாங்க. முழு ஆல்பத்தக் கேக்கப் பொறுமை இல்லாதவனுக்குத்தான் தொகுப்புன்னு ஒரு நினைப்பு. என்கிட்டயும் அந்தத் திமிர் கொஞ்ச காலம் இருந்துச்சு. ஆனா நான் உள்ள வந்ததே அந்த வாசல் வழியாத்தான். அதனால வாசலத் திட்டக் கூடாதுன்னு இப்ப நினைக்கிறேன்.

கப்பல்ல வந்த கேசட்

நான் ராதாபுரத்துக்காரன். திருநெல்வேலி மாவட்டம். தாலுகா தலைநகர்னு பேரு, ஆனா வள்ளியூர்ல இறங்கி பஸ் மாறினாத்தான் வந்து சேர முடியும். நீங்க எங்க ஊர் பேரக் கேள்விப்பட்டிருந்தா, 2016 சட்டமன்றத் தேர்தல்ல 49 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சு, வழக்கு வருஷக்கணக்கா நடந்த தொகுதின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. மத்தபடி பனை, முள்ளுக்காடு, அதுக்கு மேல வரிசையா காத்தாடி. காத்தாடின்னா காற்றாலை. எங்க ஊர்ல காத்துக்குப் பஞ்சமே கிடையாது, தண்ணிக்குத்தான்.

எங்க சித்தப்பா கப்பல்ல ஃபிட்டரா இருந்தாரு. ஒன்பது மாசம் கடல்ல, ரெண்டு மாசம் ஊர்ல. 1999-ல லீவுக்கு வந்தப்ப, ஏதோ ஒரு துறைமுகத்துல பழைய சாமான் கடையில வாங்கின ரெண்டு கேசட்டையும் ஒரு வாக்மேனையும் கொண்டு வந்தாரு. ஏன் சித்தப்பா இத வாங்கினீங்கன்னு கேட்டேன். "சல்லிசா கெடச்சுதுடே"ன்னாரு. ரசனைக் கதைன்னு நினைச்சிராதீங்க, விலைக் கதைதான்.

நான் அப்ப எட்டாங்கிளாஸ். இங்கிலீஷ் பாட்டுன்னா மைக்கேல் ஜாக்சன் மட்டும்தான்னு நினைச்சிட்டிருந்த பையன். 'பங்க்'ங்கிற வார்த்தையே தெரியாது.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. இந்தத் தொகுப்பு காலவரிசைப்படி போகாது. மொத கேசட்ல பெரும்பாலும் பேண்டோட பிற்காலப் பாட்டுகள், ரெண்டாவதுலதான் ஆரம்ப காலப் பாட்டுகள். மொத பாட்டே 'தி மேக்னிஃபிசென்ட் செவன்'. 1980-ல நியூயார்க் போயிருந்தப்ப அங்க புதுசா கிளம்பியிருந்த ராப்பக் கேட்டு மிரண்டு போய்ப் பண்ணின பாட்டு. ஆடலாம் போல இருக்கும். அப்புறம் ரெக்கே மெதுவா அசையுற பாட்டுகள். இதெல்லாம் முடிஞ்சு ரெண்டாவது கேசட்டப் போட்டா, 1977-ஓட பாட்டுகள் ரெண்டு ரெண்டு நிமிஷமா சரமாரியா வந்து விழும். வயசான ஒருத்தரோட பழகிட்டு, அப்புறம் அவரோட சின்ன வயசு போட்டோவப் பார்த்த மாதிரி. 'டாமி கன்' பாட்டுல டிரம் உருள்றதக் கேட்டப்ப, கோயில் கொடையில கணியான் கூத்துக்கு மகுடம் அடிக்கிறது ஞாபகம் வந்துச்சு. எனக்கு அன்னைக்குத் தெரிஞ்ச வேகமான தோல்கருவி அது ஒண்ணுதான்.

லீவு முடியப் போகுது. கேசட்டும் சித்தப்பாவோட கப்பலுக்குத் திரும்பிப் போயிரும். அதனால பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த ரெக்கார்டிங் சென்டருக்கு ஓடினேன்.

இருபது வயசுக்காரங்களுக்கு ரெக்கார்டிங் சென்டர்னா என்னன்னு சொல்லிடறேன். ஒரு வெத்து கேசட்டும், வேணுங்கிற பாட்டு எழுதின ஒரு தாளும் கொடுத்தா, நாலு நாள் கழிச்சு அந்தப் பாட்டெல்லாம் பதிஞ்சு கையில கொடுப்பாங்க. இன்னைக்கு நீங்க போடுற ப்ளேலிஸ்ட்தான். ஆனா காசு கொடுத்துக் காத்திருக்கணும். ஒவ்வொரு பாட்டையும் யோசிச்சு எழுதணும்.

என்கிட்ட இருந்தது ஒரே ஒரு 90 நிமிஷ கேசட். 28 பாட்டும் சேர்ந்தா 90-ஐத் தாண்டுது. கடைக்கார அண்ணாச்சி கேசட் அட்டையத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு, கொஞ்சம் போட்டுக் கேட்டாரு. "என்னடே இது, சண்டை போடுத மாதிரில்லா இருக்கு"ன்னாரு. அப்புறம் தீர்வும் அவரே சொன்னாரு: "ரெண்டு நீளப் பாட்டு இருக்குல்லா, அதத் தூக்கிரு. மிச்சம் எல்லாம் அடங்கிரும்."

தூக்கிட்டேன். ஒண்ணு 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்', ஆறு நிமிஷம். இன்னொண்ணு 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்', அஞ்சரை நிமிஷம். ரெண்டும் மெதுவான பாட்டு. அன்னைக்கு எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

யாரு இவங்க?

சுருக்கமா சொல்லிடறேன். நாலு பேர். ஜோ ஸ்ட்ரம்மர், மிக் ஜோன்ஸ், பால் சிமனன், டிரம்ஸ்ல டாப்பர் ஹெடன். ஸ்ட்ரம்மரோட அப்பா பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில வேலை பார்த்தவர், பிறந்தது நம்ம லக்னோ. ஸ்ட்ரம்மர் பிறந்தது துருக்கியில, அங்காரா. மிக் ஜோன்ஸ் பாட்டி வளர்த்த பையன், லண்டன்ல ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல. பேண்டோட மொத கச்சேரி 1976 ஜூலை 4, ஷெஃபீல்டுல. அதே ராத்திரி அமெரிக்காவோட ரமோன்ஸ் லண்டன்ல வாசிச்சிட்டிருந்தாங்க.

வேலையில்லாத் திண்டாட்டம் இருந்த நேரம். ரொம்ப வாசிக்கத் தெரியலன்னாலும் மேடை ஏறலாம்னு பங்க் சொல்லுச்சு. க்ளாஷ் அதுக்கு மேல ஒரு படி போனாங்க. அந்தச் சத்தத்துக்குள்ள அரசியலக் கொண்டு வந்தாங்க, பக்கத்துத் தெருவுல ஜமைக்கா ஆளுங்க கேக்குற ரெக்கேயையும் கொண்டு வந்தாங்க. நான் தூக்கின 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' ஜமைக்காப் பாடகர் ஜூனியர் மர்வினோட பாட்டு. 1978 ஏப்ரல்ல லண்டன் விக்டோரியா பார்க்குல இனவெறிக்கு எதிரா நடந்த பெரிய கச்சேரியில இவங்க வாசிச்சாங்க.

இப்ப முரண்பாட்டுக்கு வருவோம். 1977 ஜனவரியில சிபிஎஸ் கம்பெனியோட ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டாங்க. பங்க் அன்னைக்கே செத்துப்போச்சுன்னு எழுதினவங்க உண்டு. கொஞ்ச மாசத்துல, கம்பெனி இவங்களக் கேக்காமலே ஒரு பாட்ட சிங்கிளா வெளியிட்டுச்சு. கோபத்துல 'கம்ப்ளீட் கன்ட்ரோல்'னு ஒரு பாட்டு எழுதினாங்க, கம்பெனியத் திட்டியே. அதையும் வெளியிட்டது அதே கம்பெனிதான். அந்தப் பாட்டு இந்த 'ஹிட்ஸ்' தொகுப்புலயும் இருக்கு. திட்டினது திட்டினவனோட லாபக் கணக்குல போய்ச் சேருது.

அதுக்காக இவங்கள ஏமாத்துக்காரங்கன்னு சொல்ல என்னால முடியல. 'லண்டன் காலிங்' ரெண்டு இசைத்தட்டு கொண்ட ஆல்பம். ஒரு தட்டு விலைக்கு வித்தாங்க. அடுத்தது 'சாண்டினிஸ்டா!', மூணு தட்டு, 36 பாட்டு. அதையும் குறைஞ்ச விலைக்கே வித்தாங்க. அதுக்காகத் தங்களோட ராயல்டியில பெரும்பங்க விட்டுக் கொடுத்தாங்க. கடன்ல இருந்துகிட்டே.

தியேட்டர்ல கேட்ட பாட்டு

2009 தொடக்கம். நான் சென்னையில வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஆபீஸ் கும்பலோட 'ஸ்லம்டாக் மில்லியனர்' போனேன். ரயில் கூரை மேல பசங்க போற காட்சியில ஒரு பாட்டு வரும், 'பேப்பர் பிளேன்ஸ்'. பாடினது எம்.ஐ.ஏ. மாதங்கி அருள்பிரகாசம். லண்டன்ல பிறந்து, யாழ்ப்பாணத்துல வளர்ந்து, 1986-ல அகதியா லண்டனுக்கே திரும்பின தமிழ்ப் பொண்ணு. 2007-ல வந்த அவங்களோட 'கலா' ஆல்பத்துக்கு அம்மா பேருதான். அதுல சில பாட்டுக்கு சென்னைக்கு வந்து உறுமி அடிக்க வச்சுப் பதிவு பண்ணினாங்க.

அந்தப் பாட்டு ஆரம்பிச்ச உடனே எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. இது எனக்குத் தெரியுமே! எங்க கேட்டேன், எங்க கேட்டேன்... படம் முடியுற வரைக்கும் அதே யோசனை. ராத்திரி ரூமுக்கு வந்து தேடிப் பார்த்தாத்தான் தெரியுது. அது 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'லோட தொடக்க இசை. எழுதினவங்க பட்டியல்ல க்ளாஷ் நாலு பேரோட பேரும் இருக்கு. சித்தப்பா வாக்மேன்ல ரெண்டே ரெண்டு தடவ கேட்டு, நான் 'நீளம்'னு தூக்கிப் போட்ட பாட்டு.

பத்து வருஷம் கழிச்சு அத முழுசாக் கேட்டேன். 1982-ஓட 'காம்பாட் ராக்' ஆல்பத்துல வந்தது. டிரம்ஸ் போஸா நோவா மாதிரி ஒரு தாளம். அந்தப் பெரிய டிரம்ம துணி சுத்தின லெமனேட் பாட்டிலால தானே அடிச்சதா ஸ்ட்ரம்மர் சொல்லியிருக்காரு. பாட்டு ஒவ்வொரு ஊரா நகரும். மூடிக்கிட்டிருக்கிற இரும்பாலை ஊர்ல பாஷை தெரியாத குடியேறிகள். வியட்நாம்ல அமெரிக்கச் சிப்பாய்ங்க விட்டுட்டுப் போன பிள்ளைங்க, அப்பன் எங்கன்னு கேக்குற பிள்ளைங்க. கடைசியில நியூயார்க். எல்லாருக்கும் ஒரே பதில்தான் கிடைக்குது: உனக்கு இங்க இடம் இல்ல.

இப்ப யோசிங்க. யாருக்கும் இடமில்லன்னு சொல்ற பாட்டு. அத எடுத்து, விசா பிரச்சினையில மாட்டிக்கிட்ட ஒரு ஈழத்துப் பொண்ணு புதுப் பாட்டு கட்டுறா. அது உலகம் பூரா ஹிட் ஆகுது. நான் இடமில்லன்னு வெளிய விட்ட பாட்டு அது. கேசட்ல நாலு நிமிஷம் வெத்தா ஓடுனது இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு.

லண்டனும் கூடங்குளமும்

அடுத்த பாட்டு எல்லாருக்கும் தெரிஞ்சது. 'லண்டன் காலிங்', 1979 டிசம்பர். அந்தப் பேரு எங்கருந்து வந்துச்சு? உலகப் போர் காலத்துல பிபிசி தன்னை அறிவிச்சுக்கிற வாசகம் அது. எங்க தாத்தா ராத்திரி ஒன்பதே காலுக்கு சிற்றலையில திருகித் திருகிப் பிபிசி தமிழோசை கேப்பாரு. இலங்கைச் செய்தி வேணும்னா எங்க பக்கத்துல அதுதான் வழி. 1941-ல ஆரம்பிச்ச ஒலிபரப்பு, 2017-ல சிற்றலையில நின்னு போச்சு. 'லண்டன் காலிங்'னு மொத தடவ கேட்டப்ப, இது தாத்தாவோட ரேடியோவப் பத்தின பாட்டுன்னே நினைச்சேன். ரொம்பத் தப்பும் இல்ல.

ஆனா அது அவசர அறிவிப்பு மாதிரியான பாட்டு. அந்த வருஷம் மார்ச்ல அமெரிக்காவுல த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில விபத்து நடந்துச்சு. அந்தப் பயம் பாட்டுல இருக்கு. ஆத்து வெள்ளம் ஏறும்ங்கிற பயமும் இருக்கு.

எங்க ராதாபுரம் தாலுகாவுலதான் கூடங்குளம் இருக்கு. பஸ் ஏறினா அரை மணி நேரம். அணுமின் நிலையத்துக்கு இந்தியாவும் சோவியத் யூனியனும் ஒப்பந்தம் போட்டது 1988 நவம்பர். என் கேசட் ஆல்பம் வந்த அதே வருஷம். 2011 மார்ச்ல ஃபுகுஷிமா. அதுக்கப்புறம் இடிந்தகரையில லூர்து மாதா கோயில் முன்னால பந்தல் போட்டு மக்கள் உக்காந்தாங்க. 2012 செப்டம்பர் 10, கடற்கரையில கண்ணீர்ப்புகை. அன்னைக்கே மணப்பாட்டுல துப்பாக்கிச் சூட்டுல ஒரு மீனவர் செத்தாரு. ஆயிரக்கணக்கானவங்க மேல தேசத்துரோகப் பிரிவு வரைக்கும் வழக்கு.

அன்னைக்கு நான் சென்னையில ஏசி ஆபீஸ்ல. டிவி பார்த்துட்டுப் பொறுக்க முடியாம ஃபேஸ்புக்ல 'லண்டன் காலிங்' லிங்க் போட்டு, "இது எங்க ஊர்ப் பாட்டு"ன்னு எழுதினேன். நிறைய லைக்.

ராத்திரி அப்பா போன் பண்ணினாரு. அப்பா அங்க ஒரு கான்ட்ராக்டர்கிட்ட வேன் ஓட்டிட்டிருந்தாரு. யாரோ காட்டியிருக்காங்க. கோபமாகூடப் பேசல. "ஏலே, நீ பாட்டு போட்டுட்ட. நாளைக்குக் காலையில நான்லா வண்டிய எடுத்துட்டுப் போவணும்."

அஞ்சு நிமிஷத்துல அழிச்சிட்டேன்.

அத அழிச்சது சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குள்ள தீர்ப்பு வரல. அப்பா சம்பளத்துலதான் நான் படிச்சேன். இன்னொரு பக்கம், என்கூட காலேஜ்ல படிச்ச ஒருத்தன் இடிந்தகரைக்காரன். அவன் வீட்ல எல்லாரும் பந்தல்ல இருந்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சுப் பேசினப்ப அவனே ஆரம்பிச்சான்: "நீ போட்ட பாட்டக் கேட்டேம்ல. ஒண்ணும் புரியல. டிரம் நல்லா இருந்துச்சு. மறுநாள் பாத்தா காணும்." அவ்வளவுதான் சொன்னான். ஏன் எடுத்தன்னு கேக்கல. கேட்டிருந்தா பரவாயில்ல.

அதுவரைக்கும் க்ளாஷோட ஒரு லட்சம் பவுண்டப் பத்தி ரொம்ப சுலபமாத் தீர்ப்பு சொல்லிட்டிருந்தவன் நான். அதுக்கப்புறம் சொல்றதில்ல. கலகப் பாட்டுக்குப் பின்னாடியும் வாடகை, சம்பளம், அப்பா எல்லாம் உண்டுன்னு தெரிஞ்சுபோச்சு. அதே சமயம், அவங்க பாட்ட அழிக்கல, நான் அழிச்சேன். அந்த வித்தியாசத்தையும் சொல்லித்தான் ஆகணும்.

ஹிட்ஸ்ல இல்லாதது

தொகுப்புக்குத் திரும்புவோம். அட்டையில 'வால்யூம் 1'னு இருக்கு. வால்யூம் 2 வரவே இல்ல. மிக் ஜோன்ஸ வெளிய அனுப்பின பிறகு 1985-ல வந்த கடைசி ஆல்பத்துலருந்து ஒரு பாட்டு கூட இதுல கிடையாது. அந்தக் கதைய மறந்துருவோம்னு முடிவு பண்ணின மாதிரி. எல்லாத் தொகுப்பும் இப்படித்தான், குடும்ப ஆல்பம் மாதிரி. சண்டை போட்ட நாள்ல யாரும் போட்டோ எடுக்கறதில்ல.

ஒரு பாட்டு எங்க போய்ச் சேரும்னு எழுதினவனுக்கும் தெரியாது. 'ராக் தி காஸ்பா'வுல குண்டு போடச் சொன்ன உத்தரவ விமானிங்க கேக்க மாட்டாங்க. அதே பாட்ட 1991 வளைகுடாப் போர்ல அமெரிக்கப் படைகளோட ரேடியோ போட்டுச்சு. 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ' அதே 1991-ல லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரத்துல வந்து, பிரிட்டன்ல நம்பர் ஒன் ஆச்சு. பேண்டோட ஒரே நம்பர் ஒன், பேண்டே இல்லாதப்ப.

சரி, எதுலருந்து ஆரம்பிக்கலாம்னு கேப்பீங்க. 1991-ல வந்த 'தி சிங்கிள்ஸ்' ஒரே மூச்சுல கேட்டு முடிக்கலாம். 2003-ல 'தி எசென்ஷியல் க்ளாஷ்'. கிட்டத்தட்ட காலவரிசைப்படி போகும், அந்த 1985 ஆல்பத்துலருந்தும் ஒரு பாட்டு சேர்த்திருக்காங்க. ஸ்ட்ரம்மருக்குச் சமர்ப்பணம் அது. 2002 டிசம்பர் 22-ல அவர் 50 வயசுல இதயக் கோளாறால போயிட்டாரு. 2013-ல 'ஹிட்ஸ் பேக்'. எனக்குப் பிடிச்ச யோசனை இதுலதான். 1982 ஜூலைல பிரிக்ஸ்டன்ல நடந்த ஒரு கச்சேரியில எந்த வரிசையில வாசிச்சாங்களோ, அந்த வரிசையிலயே பாட்டுகள அடுக்கியிருக்காங்க. கம்பெனி போட்ட வரிசை இல்ல, மேடையில போட்ட வரிசை.

ஒரே ஒரு சம்பவம் சொல்லி முடிக்கிறேன். ஸ்ட்ரம்மர் சாகறதுக்கு அஞ்சு வாரம் முன்னாடி, 2002 நவம்பர் 15. லண்டன்ல ஆக்டன் டவுன் ஹால். ஸ்ட்ரைக்ல இருந்த தீயணைப்புத் தொழிலாளர்களுக்காக நிதி திரட்டுற கச்சேரி. ஸ்ட்ரம்மர் 'பேங்க் ராபர்' பாடிட்டிருந்தாரு. கூட்டத்துல இருந்த மிக் ஜோன்ஸ் மேடை ஏறி கிட்டார மாட்டிக்கிட்டாரு. ஏறத்தாழ இருபது வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் ஒரே மேடையில. திட்டம் எதுவும் கிடையாது. எந்த ஹிட்ஸ் ஆல்பத்துலயும் அது இல்ல.

சித்தப்பா இப்ப ஊர்ல செட்டில் ஆயிட்டாரு. போன பொங்கலுக்குப் போனப்ப, பழைய இரும்புப் பெட்டிய நோண்டி அந்த ரெண்டு கேசட்டையும் எடுத்துக் கொடுத்தாரு. அட்டை வெளுத்துப் போச்சு. "இதுல ஒரு மெதுவான பாட்டு உண்டுடே, எஞ்சின் ரூம்ல நைட் டூட்டி முடிச்சிட்டு வந்து அதத்தான் கேப்பேன்"ன்னாரு. எந்தப் பாட்டு சித்தப்பான்னேன். பேரு தெரியல. முனகிக் காட்டினாரு.

'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'.

நீங்களும் ஒண்ணு பண்ணுங்க. உங்க ப்ளேலிஸ்ட்ல எந்தப் பாட்ட வழக்கமா தாண்டிப் போறீங்களோ, அத இன்னைக்கு ஒரு தடவ முழுசாக் கேளுங்க. என்ன பாட்டுன்னு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம். வரட்டா?